என்கிற

அண்ணன் பிறந்த ராத்திரி
ராயபுரம் பிரசவ வார்டே எழுந்து உட்கார்ந்ததாம்.
"இன்னா கத்து கத்துது இது"
என்றாள் தொப்புள்கொடி அறுத்தவள்.
அப்படி ஒட்டியது.
கத்தியதால் கத்தி.

கோயில் பதிவேட்டில் லூர்துநாதன்.
ஞானஸ்நானத்தன்று சாமியார் ஒருமுறை வாசித்தார்.
பிறகு யாரும் வாசிக்கவில்லை.

காசிமேட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு
லாஞ்சுகளின் இரைச்சலுக்கு மேலே
அவன் குரல்தான் நிற்கும்:
"சங்கரா எறநூறு, எறநூத்திருவது, எறநூத்தம்பது..."
ஐஸ் உடைப்பவன் கையை நிறுத்திக் கேட்பான்.
"கத்தி ஏலம் வுட்டா செத்த மீனு முழிச்சுக்கும்பா."

ஒரு தேர்தல் மாசம்.
பேசின் பிரிட்ஜ் அடியில்
டீ குடித்துக்கொண்டிருந்த ஒன்பது பேரை
ஏற்றிக்கொண்டு போனார்கள்.
ரைட்டர் பேர் கேட்டார்.
இவன் எல்லோரும் கூப்பிடுவதைச் சொன்னான்.
ரைட்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு
மேலிருந்து கீழே பார்த்தாராம்.
"ஓ. நீதானா?"

அந்த 'நீதானா'வுக்குள் இருந்தவன் யாரென்று
அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது.

லூர்துநாதன் என்கிற கத்தி.
எழுதியாகிவிட்டது.

நான் தம்புச் செட்டித் தெருவில்
ஒரு நோட்டரியின் மாடிப்படிக்கு அடியில்
பிரமாணப் பத்திரம் அடிக்கிறவள்.
நாளைக்கு நாற்பது தடவை 'என்கிற' அடிக்கிறேன்.
ஜெயசீலி என்கிற ஆமினா.
குப்பம்மாள் என்கிற கவிப்ரியா.
அந்த நாலு எழுத்தைப் பிடித்துக்கொண்டு
ரேஷன் கார்டிலிருந்து பாஸ்போர்ட்டுக்கு
நடந்து போய்விடுகிறார்கள்.

அண்ணனுக்கும் அடித்தேன்:
"மேற்படி கத்தி என்பது ஆயுதத்தைக் குறிப்பதன்று.
கத்துதல் என்னும் வினையிலிருந்து வந்தது."
நோட்டரி சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.
"இலக்கணத்துக்கெல்லாம் சீல் வைக்க முடியாதும்மா."
அதுவும் சரிதான்.
இரண்டுக்கும் அதே மூன்று எழுத்து,
அதே விசைகள், அதே வரிசை.
வெட்டுவதற்கு ஒன்று, கூவுவதற்கு ஒன்று என்று
கீபோர்டில் தனித்தனியாக இல்லை.

கொடுங்கையூரில் யாரோ யாரையோ வெட்டியதற்குக் கூப்பிட்டார்கள்.
தலைவர் வருகிறார் என்று கூப்பிட்டார்கள்.
வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தந்தார்,
ஒரு ரூபாய் பிடிக்காமல், ரொம்ப மரியாதையாக.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்
முனைப் பெட்டிக்கடையில் வழி கேட்டார்கள்.
"கத்தி தங்கச்சியா? அதோ அந்தப் பச்ச கேட்டு."
பச்சை கேட்டு வரை வந்தார்கள்.
செருப்பைக் கழற்றவில்லை.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது:
ஒரு வருஷம் அவனுக்கே அது பிடித்திருந்தது.
கடன் தராத ஐஸ் ஃபேக்டரிக்காரன் தந்தான்.
சந்துக்குள் எதிரே வருகிறவன்
சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டான்.
புறங்கையில் பச்சை குத்திக்கொண்டு வந்தான்.
வாயை இல்லை.
பிடி வைத்த கத்தியை.
குத்தியவன் காசு வாங்கவில்லையாம்.
நான் பதினோரு நாள் பேசவில்லை.

ஏலம் எப்போது நின்றதென்று
யாரும் குறித்து வைக்கவில்லை.
இவன் ஒரு விலை சொன்னால்
அதற்கு மேல் கேட்க ஆளில்லை.
கேட்டால் சண்டை என்று நினைத்தார்களோ என்னவோ,
கூடை கூடையாகச் சீலா
முதல் விலைக்கே போனது.
படகுக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது மெதுவாகத்தான் பேசுகிறான்.
உப்பு கேட்பதைக்கூட
இரண்டாம் தடவை சொல்லச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வாரம் ஸ்டான்லியில்
தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.
"லூர்துநாதன்" என்று கூப்பிட்டாள் நர்ஸ்.
"லூர்துநாதன்... யாருங்க லூர்துநாதன்?"
இவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
மூன்றாவது தடவை
நான் விலாவில் இடித்தேன்.

டாக்டர் டார்ச் அடித்து, நாக்கை அழுத்தி,
ஆ சொல்லுங்க என்றார்.
சொன்னான்.
"இன்னும் சத்தமா."

சட்டைக் கையை இழுத்துப்
புறங்கையை மூடிக்கொண்டு
என்னைத் திரும்பிப் பார்த்தான்,
சொல்லலாமா என்று கேட்கிற மாதிரி.